விடிய விடிய கூத்து... ரெக்கார்டர் நடுவுல நிக்காம இருக்க, பவர் பேங்க் கேபிளை நீங்களே செய்யலாம்!

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பாரதக் கூத்து என்றால், ராத்திரி 10 மணிக்கு மேல்தான் களைகட்டும். முடியும்போது பொழுது விடிந்திருக்கும். அதிலும் 'பதினெட்டாம் போர்' ஆடுகிற ராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம். துரியோதனன் படுகளத்துக்காக ஊரே காலை வரை காத்திருக்கும்.

இப்படிப்பட்ட கூத்தை கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்யப் போகிறீர்களா? முதல் சிக்கல், பேட்டரி. பல ரெக்கார்டர்களில் இருப்பது ரெண்டே ரெண்டு ஏஏ பேட்டரி. வெளி மைக்கை மாட்டி, அதுக்கான 48 வோல்ட் ஃபேன்டம் பவரையும் ஆன் பண்ணினால், சில மணி நேரத்திலேயே சார்ஜ் காலி. முக்கியமான கட்டம் வருவதோ விடியற்காலையில்!

'போனா போகுது, அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்' என்று விடவும் முடியாது. கூத்தில் பாட்டு பெரும்பாலும் பாடம் பண்ணியது. ஆனால் வசனத்தில் பெரும்பகுதி அந்த ராத்திரி, அந்த ஊருக்காக மேடையிலேயே பேசுவது. அது அப்படியே திரும்ப வராது. இந்தக் கலைஞர்கள் சேர்ந்து 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம், காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில்தான் இருக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கக் கலையை நீங்களும் பதிவு பண்ணி வைக்கணும்னா, வாத்தியாரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். அப்புறம் கேபிள் வேலையை ஆரம்பிக்கலாம்.

ஜெனரேட்டர் லைன் ஏன் வேண்டாம்?

பந்தலில்தான் கரன்ட் இருக்கே, அடாப்டரை மாட்டிடலாமே என்று தோன்றும். அதே லைனில் டியூப் லைட், சீரியல் செட், ஸ்பீக்கர் எல்லாம் ஓடும். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பதிவில் ஏறிவிட்டால், முகவீணையின் மெல்லிய குரலை அதிலிருந்து பிரித்தெடுப்பது கஷ்டம். யாராவது பிளக்கைப் பிடுங்கிட்டா, கதை முடிஞ்சது. பவர் பேங்க் உங்கள் மடியிலேயே இருக்கும்.

முதலில் மூணு விஷயம் பாருங்க

வோல்ட்: ரெக்கார்டரின் பவர் துளைக்குப் பக்கத்திலோ, மேனுவலிலோ இருக்கும். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று நம்பக் கூடாது. ஸூம் கம்பெனியின் பழைய எச்4 மாடல் 9 வோல்ட். அடுத்து வந்த எச்4என் 5 வோல்ட். ஒண்ணுக்குரியதை இன்னொண்ணில் மாட்டினால் ரெக்கார்டர் காலி.

துருவம்: வட்டமான பின்னில் உள்பக்கம் பாசிட்டிவா, நெகட்டிவா? மேலே சொன்ன எச்4என்-க்கு உள்பக்கம் பாசிட்டிவ், எச்4-க்கு உள்பக்கம் நெகட்டிவ். வட்டமும் கூட்டல், கழித்தல் குறிகளும் போட்ட சின்னப் படம் ரெக்கார்டரிலோ, அதன் அடாப்டரிலோ இருக்கும். அதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீங்க.

பின் அளவு: 5.5 மி.மீ வெளிவிட்டம் கொண்ட பின்னிலேயே உள்துளை 2.1, 2.5 என ரெண்டு வகை உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் ஒன்று நுழையாது, இல்லைன்னா ஆடி ஆடி விட்டு விட்டு வரும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் ரெக்கார்டரையே கையில் எடுத்துட்டுப் போய், மாட்டிப் பார்த்து வாங்குங்க.

உங்கள் ரெக்கார்டர் யுஎஸ்பி துளை வழியாகவே பவர் எடுக்கும் மாடல் என்றால், இந்த வேலையே தேவையில்லை. நல்ல யுஎஸ்பி கேபிள் போதும்.

செய்வது எப்படி? (5 வோல்ட் ரெக்கார்டருக்கு)

1. சாதாரண யுஎஸ்பி-ஏ கேபிள் ஒன்றை எடுத்து, மறுமுனையை வெட்டுங்கள். ரெண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிள் வேண்டாம். எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால்தான் அதில் பவர் பேங்க் கரன்டையே விடும்.

2. உள்ளே நாலு ஒயர் இருக்கும். வழக்கமாக சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ், பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. மலிவான கேபிளில் நிறம் மாறியிருக்கலாம். அதனால் பவர் பேங்கில் செருகி, மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். பார்த்ததும் கேபிளைக் கழற்றிடுங்க.

3. பச்சை, வெள்ளை ஒயர்களைத் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்குங்கள். அவை ஒன்றையொன்று தொடக் கூடாது.

4. சிவப்பு ஒயரில், பவர் பேங்க் பக்கமாக 1 ஆம்ப் ஃப்யூஸ் ஒன்றைச் சேருங்கள். எங்கேயாவது ஷார்ட் ஆனால் அது முதலில் போகும்.

5. பின்னின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் ஒயரில் முன்கூட்டியே கோத்துவிட்டு, அப்புறம் சால்டரிங் செய்யுங்கள். மறந்தால் திரும்பவும் பிரிக்கணும்.

6. ரெக்கார்டரில் மாட்டுவதற்கு முன், பின்னின் உள்ளும் வெளியும் மீட்டரை வையுங்கள். 5 வோல்ட் காட்டணும். மைனஸ் குறி வந்தால் துருவம் மாறியிருக்கிறது.

ஒயரின் தடிமனும் முக்கியம். ரெண்டு மீட்டர் நீள 28 கேஜ் ஒயரில் அரை ஆம்ப் போனால், வழியிலேயே சுமார் 0.4 வோல்ட் காணாமல் போகும். 24 கேஜ் என்றால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் கீழே. முடிந்தவரை கேபிளைக் குட்டையாகவே வையுங்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

10,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 37 வாட் ஹவர். 5 வோல்ட்டாக ஏற்றும்போது 15 சதவிகிதம் வீணாகும் என்று வைத்தால், கைக்கு வருவது சுமார் 31 வாட் ஹவர். ரெக்கார்டர் 300 மில்லி ஆம்ப் இழுத்தால் (5 வோல்ட்டில் 1.5 வாட்), 20 மணி நேரம் வரை ஓடும். ஒரு ராத்திரிக்கு தாராளம்.

ஆனால், இங்கே ஒரு பொறி இருக்கு. இழுக்கும் கரன்ட் ரொம்பக் குறைவாக இருந்தால், 'போன் சார்ஜ் ஆகிடுச்சுபோல' என்று நினைத்து சில பவர் பேங்க்குகள் தானாகவே அணைந்துவிடும். குறைந்த கரன்ட் மோடு இருக்கும் பவர் பேங்க்காகப் பார்த்து வாங்குங்கள். ஹெட்போனில் 'கீ' என்று சத்தம் கேட்டால் வேறு பவர் பேங்க்கை மாற்றிப் பாருங்கள். ஒரே பவர் பேங்க்கில் ரெக்கார்டரையும் ஒயர்லெஸ் மைக் ரிசீவரையும் சேர்த்து மாட்டுவதும் இந்த இரைச்சலுக்குக் காரணமாகலாம்.

வீட்டிலேயே ஒரு ராத்திரி ஒத்திகை

கூத்துக்கு ஒரு வாரம் முன்பே, உள்ளே புது ஏஏ பேட்டரி போட்டு, மைக்கையும் மாட்டி, எட்டு மணி நேரம் ஓடவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் மணிக்கு சுமார் 1 ஜிபி ஆகும். கார்டில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்து, ரெக்கார்டிங் ஓடும்போதே கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். சில மாடல்கள் சட்டென்று உள்பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். சில மாடல்கள் அப்படியே அணைந்துவிடும். அணைந்தால் ஃபைல் சரியாக மூடப்படாமல், அதுவரை பதிவானதும் சேர்ந்து போக வாய்ப்பு உண்டு. உங்களுடையது அந்த வகை என்றால், ஒவ்வொரு மணி நேரமும் வேஷக்காரர் மாறும் இடைவெளியில் நிறுத்தி, புது ஃபைலாகத் தொடங்குங்கள். பிளக்கை ரெக்கார்டரோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிடுங்க. கூட்டத்தில் யார் கால் பட்டாலும் கழறாது.

கடைசியாக ஒண்ணு. பதிவு முடிந்ததும் ஒரு பிரதியை அந்தக் குழுவின் வாத்தியாருக்குக் கொடுங்கள். அது அவங்க பாட்டு, அவங்க ராத்திரி.