பால் திரிந்த கதை: பாண்டேல் சீஸும் இரண்டு அவசர முடிவுகளும்

சீஸின் மீது தீராக் காதல் கொண்ட இந்தியர் எவரும் ஒரு கேள்விக்குத் தப்புவதில்லை: "அது வெள்ளைக்காரர் உணவாயிற்றே, நமக்கேது சீஸ்?" நானும் தப்பியதில்லை. இக்கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. பாலைத் திரிப்பதே பாவம் என்றிருந்த நாட்டுக்குப் போர்ச்சுக்கீசியரே அக்கலையைக் கற்றுக்கொடுத்தனர் என்பது ஒன்று. வேதகாலத்திலேயே எல்லாம் நம்மிடம் இருந்தது என்பது மற்றொன்று. இரண்டுமே சான்றுகளைக் கேட்பதற்கு முன்பே எழுதப்பட்ட தீர்ப்புகள்.

முதலில் வேதச் சான்று. ரிக் வேதத்தின் ஆறாம் மண்டலத்தில் 'ததன்வத்' என்றொரு சொல் வருகிறது. 'தயிர் நிறைந்த' என்பது அதன் பொருள். துளையுள்ளது, துளையற்றது என இருவகைச் சீஸ் அக்காலத்தில் இருந்தன என்று உணவு வரலாற்று நூல்கள் சில இச்சொல்லை வைத்தே எழுதிவிட்டன. மூலத்தைப் பார்த்தால் செய்தி வேறு. அங்கே பேசப்படுவது ஒரு தோற்பை. துளையற்றது அந்தப் பை. தயிர் நிறைந்திருப்பதும் அந்தப் பையே. ஒழுகாத பையைப் போல நட்பு நிலைக்க வேண்டும் என்பதே உவமை. பையின் அடைமொழியைச் சீஸின் மேல் ஏற்றியதால் பிறந்த சீஸ் அது.

போர்ச்சுக்கீசியர் தரப்புச் சான்று இதைவிட வலுவானது. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் வங்கத்தின் ஹூக்ளியில் குடியேறினர். துறைமுகத்தைக் குறிக்கும் 'பந்தர்' என்ற சொல்லே பாண்டேல் என்னும் ஊர்ப்பெயராயிற்று என்பர். 1632இல் ஷாஜகானின் படை அக்குடியேற்றத்தைக் கைப்பற்றியது. ஆயினும் பின்னர் அவர்கள் மீண்டும் அங்கே வாழ்ந்தனர். அதே நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, வங்கத்தின் இனிப்புகளைப் பாராட்டி, போர்ச்சுக்கீசியர் வாழும் இடங்களில் அவை சிறப்பாக இருப்பதாகவும் குறித்துள்ளார். இவற்றைக் கோத்து, வங்காளிகளின் 'சானா' போர்ச்சுக்கீசியரின் கொடையே என்று உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா கருதினார். சந்தேஷுக்கும் ரசகுல்லாவுக்கும் அடிப்படையான திரிபாலே சானா.

ஆயினும் இக்கருத்தை 12ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று இடைமறிக்கிறது. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்', கொதித்த பாலில் புளிப்பைச் சேர்த்துத் திரித்து, நீரைப் பிரித்து, எஞ்சிய திரளைக் கொண்டு இனிப்பு செய்யும் முறையை விளக்குகிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைவதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. பாலைத் திரிப்பதில் தயக்கம் இருந்திருக்கலாம். நம் மொழியிலும் 'பால் திரிந்துவிட்டது' என்பது இழப்பின் குரல்தானே! ஆனால் தயக்கம் வேறு, அறியாமை வேறு. அரண்மனைச் சமையலறையில் அத்தயக்கம் இல்லை என்பதற்கு ஓர் அரசனின் நூலே சான்று.

இனி, ஏடுகளை விடுத்துப் பாத்திரத்தைப் பார்ப்போம். ஐரோப்பியச் சீஸ்களுள் பெரும்பாலானவை, பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் ரென்னெட் என்னும் உறைபொருளால் உறைபவை. போர்ச்சுகலின் புகழ்பெற்ற எஸ்த்ரேலா மலைச் சீஸ், ஆட்டுப்பாலை ஒருவகை முட்செடியின் பூவால் உறைய வைத்துச் செய்யப்படுகிறது. பாண்டேல் சீஸில் இவ்விரண்டுமே இல்லை. பசும்பாலை எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பால் திரித்து, சிறு அச்சுகளில் வடித்து, உப்பிட்டு உலர்த்துகின்றனர். மானசோல்லாசம் கூறும் செய்முறைக்கே இது நெருக்கமானது. இரண்டு முறைகளின் விளைவும் வேறு. புளிப்பால் திரிந்த பால் சூட்டில் உருகுவதில்லை; அதனால்தான் பனீர் குழம்பிலும் கரையாமல் நிற்கிறது. ரென்னெட்டால் உறைந்ததோ உருகி இழையும்.

ஆகவே நான் எட்டும் முடிவு இது. பாண்டேலில் ஆசை போர்ச்சுக்கீசியருடையது, கை இந்நாட்டாருடையது. ஊரை விட்டுக் கடல்கடந்து வந்தவர்களுக்கு உப்பும் கட்டியுமான ஒரு சுவை தேவைப்பட்டது. அவர்களின் அடுப்பில் நின்றவர்களோ தமக்குத் தெரிந்த முறையால் அச்சுவையை அணுகினர். குளிர்ந்த நிலவறைகளில் மாதக்கணக்கில் முதிர வைக்க வங்கத்தின் வெப்பமும் ஈரமும் இடம்தரா. அதனால் உப்பும் புகையும் அவ்வேலையை ஏற்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் அவ்வட்டுகள் வெண்மையாகவும், புகையேறிய பழுப்பாகவும் இருவகையாய் இன்றும் கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் கிடைக்கின்றன. உப்பு மிகுந்தவை என்பதால் இரவில் நீரில் ஊறவைத்துக் காலையில் உதிர்த்து உண்பது வழக்கம்.

பாண்டேல் தனித்த அதிசயமும் அன்று. சூரத்தில் பார்சிகள் விரும்பும் 'டோப்லி நு பனீர்' சிறு கூடைகளில் வடிந்து, தன் நீரிலேயே மிதந்து விற்பனைக்கு வருகிறது. டோப்லி என்றால் குஜராத்தியில் கூடை. ஜம்முவின் உதம்பூர்ப் பகுதியில் 'கலாடி' தன் கொழுப்பிலேயே தோசைக்கல்லில் பொரிகிறது. டார்ஜிலிங்கிலும் சிக்கிமிலும், வெண்ணெய் கடைந்த மோரைக் காய்ச்சிப் பெறும் 'சுர்பி' கல்போல் உலர்ந்து, நடைப்பயணம் முழுவதும் வாயில் கிடக்கிறது. 'நமக்கேது சீஸ்' என்று கேட்பவர்கள் இவற்றுள் எதையும் சீஸ் என்று எண்ணியதில்லை. கடையில் உறையிட்டு விற்பதை மட்டுமே அப்பெயரால் அறிந்திருக்கிறோம்.

'யார் முதலில்' என்ற கேள்வி நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ரசகுல்லாவுக்காக மேற்கு வங்கமும் ஒடிசாவும் வழக்காடின. சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம் 2017இல் 'பாங்ளார் ரசகுல்லா'வுக்கும் 2019இல் 'ஒடிசா ரசகோலா'வுக்கும் தனித்தனியே குறியீடு வழங்கியது. ஆனால் பாண்டேல் சீஸைச் செய்பவர்கள் இன்று மிகச் சில குடும்பத்தினரே. அதுவும் பாண்டேலில் அல்ல. தாரகேசுவரம், விஷ்ணுபூர்ப் பக்கங்களில். அவர்களின் முன்னோர் பெயர் எந்தப் பயணியின் குறிப்பிலும் இல்லை. பெர்னியே இனிப்புகளைக் குறித்தார், பாலைத் திரித்தவரைக் குறிக்கவில்லை. வேதத்தில் துளை தேடுபவர்களும் லிஸ்பனில் வேர் தேடுபவர்களும் அதே தவற்றைத் தொடர்கின்றனர்.

எனவே உணவு வரலாறு எழுத விழையும் இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்பேன். மூலநூலை ஒருமுறையேனும் நேரில் பாருங்கள். அதன்பின் அடுப்படிக்குப் போங்கள். எவ்வளவு புளிப்பு, எத்தனை நேரம் புகை, எந்த விறகு என்று செய்பவரிடமே கேட்டு, அவர் அனுமதியுடன் அவர் பெயரோடு எழுதிவையுங்கள். அடுத்த தலைமுறை அத்தொழிலை விட்டுவிட்டால், நியூ மார்க்கெட்டில் ஒரு பண்டம் குறைவதோடு அது முடியாது. நானூறு ஆண்டுகளாக ஏட்டில் ஏறாமல் கையில் மட்டுமே வாழ்ந்த ஓர் ஆவணம் அழிந்துபோகும்.