கிரயமா, குத்தகையா? பதிவிறக்க விளையாட்டும் பதிப்புரிமைச் சட்டத்தின் 14(ஆ) பிரிவும்

காசு கொடுத்துப் பதிவிறக்கிய கணினி விளையாட்டு, வாங்கியவருக்குச் சொந்தமில்லை. ஆடிப்பார்க்கும் அனுமதி மட்டுமே அவருடையது. இந்தியச் சட்டத்தின் நிலை இதுதான் என்று ஒரு சாரார் தொடர்ந்து எழுதிவருகின்றனர். அவர்கள் காட்டும் சான்றுகள் இரண்டு. ஒன்று, ஒப்பந்தத்தில் உள்ள ‘உரிமம்’ என்ற சொல். மற்றது, இன்ஃபோடெக் சாஃப்ட்வேர் டீலர்ஸ் அசோசியேஷன் வழக்கில் 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. அந்தக் கூற்றின் பாரத்தை இரண்டு சான்றுகளும் தாங்கா என்பதே இங்கு என் வாதம்.

சென்னைத் தீர்ப்பை முதலில் முடித்துவிடலாம். மென்பொருள் மீதான சேவை வரி செல்லும் என்று அது சொன்னது உண்மை. மென்பொருள் ஒரு சரக்கே என்பதையும், ஒரு பரிமாற்றம் விற்பனையா சேவையா என்பது அந்தந்தப் பரிமாற்றத்தின் தன்மையைப் பொறுத்தது என்பதையும் அதே தீர்ப்புதான் சொன்னது. முதல் பாதியை மேற்கோள் காட்டுவோர் இரண்டாம் பாதியைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

சிக்கலின் முடிச்சு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14(ஆ) பிரிவில் இருக்கிறது. 1994இல் திருத்தப்பட்ட வடிவில், கணினி நிரலின் எந்தப் படியையும் விற்கவோ வாடகைக்கு விடவோ உள்ள உரிமை ஆக்கியவருக்கே உரியது. அந்தப் படி ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தாலும் சரி, வாடகைக்கு விடப்பட்டிருந்தாலும் சரி. இந்தக் கடைசித் தொடர் இருந்தவரை பழைய விளையாட்டு வட்டைக் கைமாற்றி விற்பதுகூட ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தத் தொடரை நீக்கியது. இதே தொடர் திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிய பிரிவுகளில் இருந்தபோதும் அங்கே கைவைக்காமல், நிரல் பிரிவில் மட்டும் எடுத்தார்கள். இதைக் கைத்தவறு என்று கொள்வது கடினம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாசிப்பு ஒன்று உண்டு. தொடர் போனாலும் ‘எந்தப் படியையும் விற்க’ என்ற சொற்கள் எஞ்சியிருக்கின்றனவே, மறுவிற்பனையும் அதில் அடங்காதா என்பது அது. அப்படியானால் நாடாளுமன்றம் நீக்கியதற்கு ஒரு பொருளும் இல்லாமல் போகும். மேலும், நூல்களைப் போன்ற படைப்புகளுக்கு 14(அ) தரும் உரிமைகள் நிரலுக்கும் பொருந்தும் என்று 14(ஆ)வே தொடங்குகிறது. அந்த 14(அ), ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படிகளை ஆக்கியவரின் பிடியிலிருந்து விலக்குகிறது. ஒருமுறை விற்ற படி புழக்கத்தில் உள்ள படியாகவே கருதப்படும் என்று பிரிவின் விளக்கம் சொல்கிறது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், விற்ற படியின் மீது ஆக்கியவருக்குப் பிடி இல்லை என்பதே எனக்குப் பொருத்தமாகப்படுகிறது.

உச்ச நீதிமன்றமும் இப்பக்கமே சாய்ந்தது. இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில் 2021 மார்ச் 2 அன்று நீதிபதி நாரிமன் எழுதிய தீர்ப்பு இந்த நீக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பயனர் ஒப்பந்தத்தில் ‘உரிமம்’ எனப்படுவது பதிப்புரிமையில் எந்தப் பங்கையும் மாற்றித்தரும் உரிமம் அல்ல, பயன்பாட்டுக்கு நிபந்தனை விதிப்பது மட்டுமே என்றும், நடந்தது சரக்கு விற்பனை என்றும் கூறியது. அது வருமானவரி வழக்கு. ஊடகத்தில் பதிந்த மென்பொருளையும் கருவியில் பொதிந்த மென்பொருளையும் பற்றியே பேசியது. ஒப்பந்தத் தடைகளை அது செல்லாதவை ஆக்கவும் இல்லை. எனவே பதிவிறக்கத்துக்கு அதை நீட்டுவதில் நிதானம் வேண்டும். ஆனால் வரிக் கேள்விக்கு விடை வந்தது 14ஆம் பிரிவின் வழியாக. அந்தத் தர்க்கம் வட்டோடு ஒட்டிப் பிறந்ததல்ல.

அப்படியானால் பூட்டு எங்கே இருக்கிறது? பெட்டியில் வரும் மென்பொருள் சரக்கே என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று தீர்ப்பளித்தது. சரியாகப் பதினொரு நாள் கழித்து ஹாஃப்-லைஃப் 2 என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது. வட்டைப் பெட்டியோடு வாங்கியவரும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் கணக்கு ஒன்றைத் திறந்து அதில் விளையாட்டை ஏற்றினால்தான் ஆட முடியும். குடிகாட்டில் ஒருவர் கடலூரில் வாங்கிய, கணக்கு கேட்காத பழைய வகை வட்டை ஆடி முடித்து, சிதம்பரத்தில் படிக்கும் அத்தை மகனிடம் கொடுத்தால் 14(ஆ) குறுக்கே நிற்காது. ஆனால் கணக்கு கேட்கும் வட்டில், உறைக்குள் அச்சிட்ட சாவி எண் ஒருமுறை அவர் கணக்கில் ஏறிவிட்டால், அத்தை மகனுக்குப் போய்ச்சேர்வது பளபளக்கும் தகடு மட்டுமே. கிரயப் பத்திரம் கையில் இருக்கிறது. பட்டா மாற்றத்துக்குத்தான் வழியில்லை. தடுப்பது சட்டமல்ல, கணக்கு.

மறுப்புகள் மூன்று வரும். விளையாட்டு வெறும் நிரல் அல்ல, படமும் இசையும் கலந்த படைப்பு என்பது முதலாவது. 2022இல் மறுவிற்பனை பற்றிய வழக்கில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டீமை நடத்தும் வால்வு நிறுவனத்துக்குச் சாதகமாக நின்றதற்கும் இதுவே அடிப்படை. இங்கே அது எடுபடாது. திரைப்படம், ஒலிப்பதிவு பிரிவுகளிலிருந்தும் அந்தத் தொடர் 2012இல் போய்விட்டது. பதிவிறக்கத்தைச் சரக்கு சேவை வரிச் சட்டங்கள் சேவை என்கின்றன என்பது இரண்டாவது. வரி விதிக்க வைத்த பெயர் உடைமையைத் தீர்மானிக்காது. கைமாற்றும்போது புதிய படி உருவாகிறதே என்பது மூன்றாவது; மெய்யான சிக்கல் இதுதான். என்றாலும் கணக்கில் பெயரை மாற்றி, புதியவர் மீண்டும் பதிவிறக்கினால், படியெடுக்க இடமளிப்பவர் விற்பனையாளரே. அவர் மறுக்கும்படி பதிப்புரிமை கட்டாயப்படுத்துகிறது என்று சொல்ல முடியாது.

விலைக்கு வருவோம். 1,000 ரூபாய் விளையாட்டை ஆடிவிட்டு 400 ரூபாய்க்கு விற்க முடியும் என்றால் அது வாங்கியவருக்கு 600 ரூபாய்ப் பொருள். விற்க முடியாதென்றால், விலைச்சீட்டு மாறாமலே அவருக்கு 400 ரூபாய் ஏறிவிட்டது. ஸ்டீம் 2015இல் ரூபாய் விலைக்கு மாறியதை நியாய விலைக்கு அடையாளமாகக் காட்டுவோர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நிலம் பற்றி நமக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. கிரயத்துக்கு ஒரு தொகை, குத்தகைக்கு வேறொரு தொகை. குத்தகையும் நியாயமாக இருக்க வேண்டும் என்று 1956இலேயே சென்னை மாநிலம் சட்டம் இயற்றியது. பதிவிறக்கக் கடைகளோ கிரயத் தொகையை வாங்கிக்கொண்டு, காலம் குறிக்காத குத்தகைச் சீட்டைத் தருகின்றன. யூபிசாஃப்ட் 2014இல் விற்கத் தொடங்கிய தி க்ரூ, 2024 மார்ச் 31 அன்று சர்வர் நின்றதும் வாங்கியவர் அனைவருக்கும் செத்த பொருளானது. வெறும் உரிமத்தை ‘வாங்குங்கள்’ என்று விளம்பரப்படுத்த 2025 முதல் கலிஃபோர்னியா கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

நம்மிடம் கருவி இல்லாமல் இல்லை. தக்க காரணமின்றி ஒருதலையாக முறிக்க இடந்தரும் ஒப்பந்தத்தை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தங்களில் சேர்க்கிறது. ஆனால் அத்தகைய புகாரைக் கடலூர் மாவட்ட ஆணையம் ஏற்க முடியாது; மாநில ஆணையத்துக்கே போக வேண்டும். ஆயிரம் ரூபாய் விளையாட்டுக்காகக் குடிகாட்டிலிருந்து சென்னைவரை வழக்காடப் போகிறவர் யார்? 14(ஆ)வை நீதிமன்றம் பதிவிறக்கத்தோடு வைத்து இன்னும் படித்துப்பார்க்காததற்கு, அந்தப் பிரிவு தெளிவற்றது என்பதைவிட இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.