'படு' வந்த வழி

நாற்பது ஆண்டுகளுக்கு முன் திண்டிவனம் பக்கம் எழுத்தராக இருந்தேன். முதியோர் உதவித்தொகை கேட்டிருந்த ஒரு ஆயா, வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். "தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது" என்று படித்தேன்.

"யாரு சாமி வாணாம்னு சொன்னது?"

கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

வெள்ளைக்காரர் காலத்துக் கோப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. செய்தவரைச் சொல்லாமல், செய்யப்பட்டதை மட்டும் எழுதுவது ஆங்கில அலுவலக வழக்கம். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956இல் வந்தது. சொற்கள் தமிழாயின, வாக்கியம் ஆங்கிலமாகவே நின்றது. 'படு' பழந்தமிழிலும் உண்டுதான். ஆனால் பேச்சில் நாம் அதை அதிகம் புழங்கியதில்லை.

'மற்றும்' கதையும் இதுவே. 'விழுப்புரமும் திண்டிவனமும்' என்பது நம் வழக்கு. இடையில் ஒரு 'அண்ட்' வேண்டும் என்று ஆங்கிலம் பழக்கியதால், 'விழுப்புரம் மற்றும் திண்டிவனம்' என்று எழுதுகிறோம்.

விழுப்புரம் ஜங்ஷனில் நின்று பாருங்கள். 'ரயில் ரத்து செய்யப்பட்டுள்ளது' என்று ஒலிபெருக்கி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "ரத்து பண்ணிட்டாங்களாம்" என்று வீட்டுக்குப் போன் செய்வார். யாரோ ஒருவர் செய்ததாகச் சொன்னால்தான் நமக்கு அது செய்தி.

அந்த ஆயாவுக்குப் பிறகு, நான் எழுதிய வரைவுகளில் மறுத்தது யார், ஏன், அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று சேர்த்தேன். மேலதிகாரி பாதியை அடித்துவிடுவார். மீதிப் பாதி போய்ச் சேர்ந்தது.