சதுரக் காசு, தகர வில்லை, பால் கத்தி: தோட்டத்து மண்ணில் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

காதில் ஹெட்போன், கையில் மெட்டல் டிடெக்டர். 'பீப்' சத்தம் வந்ததும் மண்ணைத் தோண்டும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் தங்கம் கிடைப்பது அபூர்வம். கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் பொத்தான், சாவி, ஆணி, சில்லறைக் காசுதான்.

ஆனால் சாதாரண மக்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள இந்தச் சில்லறைப் பொருள்களே உதவுகின்றன. பழைய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் காலத்தில் இது இன்னும் முக்கியம்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

கருவியின் அடியில் வட்டமாக ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அதில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் உருவாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் உண்டாகும். அந்த மாற்றத்தைத்தான் கருவி சத்தமாகச் சொல்கிறது. காசு அளவுள்ள பொருள் என்றால், சாதாரணக் கருவிக்குப் பொதுவாக ஓரடி ஆழத்துக்குள்தான் எட்டும்.

மலாக்கா மண்ணில் என்ன இருக்கலாம்?

மலாக்காவை 1511-இல் போர்த்துகீசியர்களும் 1641-இல் டச்சுக்காரர்களும் பிடித்தார்கள். கோலா சுங்கை பாருவுக்குப் பக்கத்தில், கோலா லிங்கியில் டச்சுக் கோட்டை ஒன்றின் எச்சம் இன்றும் நிற்கிறது. 'விஓசி' எழுத்துகள் பின்னிய செப்புக் காசுகள் அந்தக் காலத்தவை.

1900-இல் மலாக்கா ஆற்று முகத்துவாரத்தில் தோண்டியபோது போர்த்துகீசியர் காலத்து வெள்ளீயக் காசுகள் கிடைத்தன. ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் ஹானிட்ச் அவற்றை ஆராய்ந்து எழுதியதால்தான் இன்று நமக்கு அதுபற்றித் தெரிகிறது.

தோட்டங்களின் கதை அதற்குப் பிந்தியது. 1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பால் வெட்டும் கத்தி, வாளி, மங்கு, லயத்து வாசலில் விழுந்த சதுர ஒரு காசு, இவையெல்லாம் அந்த வாழ்க்கையின் மிச்சம். ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த சதுரக் காசு 1939 முதலும், எலிசபெத் அரசியின் தலை பொறித்தது 1956 முதலும் வந்தவை.

ஒரு தகர வில்லை என்ன சொல்லும்?

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்கு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டி அனுப்பினார்கள். தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் அதில் இருக்கும். விலைக்குப் போட்டால் அது சும்மா ஒரு தகரம். எங்கே கிடைத்தது என்ற குறிப்போடு பழைய பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தால், அது யாரோ ஒருவருடைய தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருக்கலாம். கிடைத்த இடம் தெரியாமல் போனால் பொருளின் பாதிக் கதை போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் தேசிய பாரம்பரியச் சட்டம் 2005 (சட்டம் 645) நடப்பில் உள்ளது. பழம்பொருளைத் தேடி நிலத்தைத் தோண்ட உரிமம் வேண்டும். பாரம்பரிய மதிப்புள்ளது என்று நினைக்கும் பொருள் தற்செயலாகக் கிடைத்தால், பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். கோலா சுங்கை பாரு என்றால், அது அலோர் காஜா மாவட்டம்.

இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனில் 1997-இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில், பெரும்பாலும் பொழுதுபோக்காகத் தேடுபவர்கள் கண்டெடுத்த ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. அங்கே சின்னக் கொக்கிக்கும் ஒரு பதிவு எண் உண்டு.

உங்கள் கண்ணில் பட்டால்?

• மேலும் தோண்டாதீர்கள். இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்.

• தேதியையும் போனில் காட்டும் இட விவரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

• பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை வேண்டவே வேண்டாம், எழுத்து அழிந்துவிடும்.

• குண்டு மாதிரி தெரிந்தால் தொடாமல் விலகி நின்று 999-க்கு அழையுங்கள். போர்க்கால வெடிகுண்டுகள் நாட்டில் இன்னும் கண்டெடுக்கப்படுகின்றன.

வீட்டில் ஏற்கெனவே பழைய பால் கத்தியோ காசோ இருந்தால், "எந்தத் தோட்டம், யாருடையது?" என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பைப் பொருளோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.