ஐஸ் ஹாக்கியில் ஷூட் அவுட்

ஆட்ட நேரமும் கூடுதல் நேரமும் முடிந்த பின்னும் இரு அணிகளின் கோல்களும் சமமாக இருந்தால், ஒரு வீரர் கோல்கீப்பரைத் தனியே எதிர்கொள்ளும் வாய்ப்பை இரு அணிகளுக்கும் மாறி மாறி வழங்கி வெற்றியை முடிவு செய்யும் முறை ஐஸ் ஹாக்கியில் ஷூட் அவுட் எனப்படுகிறது. நடுப்புள்ளியில் வைக்கப்பட்ட பக் என்னும் தட்டையான ரப்பர் வட்டை மட்டையால் நகர்த்தியபடி வீரர் சறுக்கி வர, அவர் அதைத் தொட்ட கணத்திலேயே கோல்கீப்பர் தம் எல்லையை விட்டு முன்னேறி, அடிப்பதற்கான கோணத்தைக் குறுக்கலாம். வட்டு கோல் கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்; தடுக்கப்பட்டுத் திரும்பும் வட்டை மீண்டும் அடித்து கோலாக்க முடியாது.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், 1983–84 பருவத்தில் ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்தை மீண்டும் கொண்டுவந்த பின்னும், அதில் கோல் விழாத ஆட்டங்களைச் சமனாகவே விட்டுவந்தது. உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான ஊதியப் பூசலால் 2004–05 பருவம் முழுவதும் ரத்தானதை அடுத்து, ரசிகர்களை மீண்டும் ஈர்க்க வேண்டிய கட்டாயத்தில் 2005–06இல் ஷூட் அவுட்டைப் புகுத்தியது. அணிக்கு மூவர் முயன்றும் முடிவு கிட்டாவிடில், ஒவ்வொரு சுற்றாக ஆட்டம் நீள்கிறது. 2014 டிசம்பரில் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியை புளோரிடா பாந்தர்ஸ் வீழ்த்த 20 சுற்றுகள் தேவைப்பட்டன.

ஆயினும் லீக் இம்முறையை முழுமையாக நம்பிவிடவில்லை என்றே கொள்ளலாம். வென்ற அணிக்கு இரண்டு புள்ளிகள் கிடைத்தாலும் தோற்ற அணிக்கும் ஒன்று உண்டு. இங்கு அடிக்கும் கோல் வீரரின் கணக்கில் சேர்வதில்லை. புள்ளிகள் சமமாகும்போது அணிகளைத் தரவரிசைப்படுத்த ஷூட் அவுட் வெற்றிகள் முதலில் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஷூட் அவுட்டுகளைக் குறைப்பதற்காகவே 2015–16 முதல் கூடுதல் நேரத்தில் அணிக்கு மூன்று சறுக்கு வீரர்கள் மட்டும் ஆடுகின்றனர். ஸ்டான்லி கோப்பைக்கான பிளே ஆஃப் ஆட்டங்களிலோ ஷூட் அவுட் கிடையாது. கோல் விழும்வரை 20 நிமிடப் பகுதிகளாக, சில வேளை நள்ளிரவையும் தாண்டி, ஆட்டம் தொடரும்.

பன்னாட்டுப் போட்டிகளின் போக்கு வேறு. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தின் ஷூட் அவுட்டில், ஸ்வீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பெரி கோல்கீப்பரை ஒருபுறம் இழுத்துவிட்டு, மறுபுறம் ஒற்றைக் கையால் மட்டையை நீட்டி வட்டை உள்ளே தள்ளிய காட்சி, பின்னர் அந்நாட்டு அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. தொடக்கச் சுற்றுகளுக்குப் பின் ஒரே வீரரை மீண்டும் மீண்டும் அனுப்பப் பன்னாட்டு விதி இடமளிப்பதால், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டி. ஜே. ஓஷி ரஷ்யாவுக்கு எதிராக ஆறு முறை முயன்று நான்கு கோல்கள் அடித்தார். 2018 ஒலிம்பிக் மகளிர் தங்கப் பதக்க ஆட்டமும் ஷூட் அவுட்டில்தான் முடிந்தது. அதன் பின்னர் பன்னாட்டுக் கூட்டமைப்பும் இறுதி ஆட்டங்களிலிருந்து அதை விலக்கி, கோல் விழும்வரை மூவருக்கு மூவர் ஆடும் முறைக்கு மாறியது.