முடக்குவாத மாத்திரை: தினமுமா, வாரத்துக்கு ஒருநாளா? நோயாளிகளுக்கு வகுப்பு ஏன் அவசியம்?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் விடிகாலை கோலம் போட உட்கார்ந்தால் விரல் மடங்கவே மாட்டேங்குது. ‘பனி, வயசாச்சு’ என்று விட்டுவிடுவது நம்ம ஊர் வழக்கம். ஆனால் அது முடக்குவாதமாகவும் இருக்கலாம்.

முடக்குவாதம் என்றால் என்ன?

நோய் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுகளைத் தாக்குவதுதான் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி வேறு, இது வேறு. 30, 40 வயதிலேயே வரலாம். பெண்களுக்கு அதிகம். புனே அருகே பிக்வான் கிராமத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், சுமார் 0.5 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது.

அறிகுறிகள் என்னென்ன?

* இரண்டு கை விரல்கள், மணிக்கட்டில் வீக்கம், வலி
* காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இறுக்கம்
* காரணம் தெரியாத அசதி

6 வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்ப்பது அவசியம். தாமதித்தால் மூட்டு கோணிவிடும்.

மாத்திரையில் என்ன சிக்கல்?

இந்த நோய்க்கு முதலில் தரப்படும் முக்கிய மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிடணும். சுகர் மாத்திரை மாதிரி தினமும் போட்டால் வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்தாகலாம். பலன் தெரியவும் 6 முதல் 12 வாரம் ஆகும். ‘வலி குறையலையே’ன்னு பாதியில் நிறுத்தக் கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வகுப்பு எதற்கு?

கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க நேரம் இருக்காது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் இதற்கு ஒரு வழி கண்டார். வாரம் 2 மணி நேரம், 6 வாரம் வகுப்பு. நடத்துபவர்களில் பலர் மூட்டுவலியோடு வாழ்பவர்களே. உடற்பயிற்சி, வலியைச் சமாளிப்பது, டாக்டரிடம் எப்படிக் கேட்பது என எல்லாமே பாடம். ஒரு கோயில் மண்டபமோ, மகளிர் குழுக் கூட்டமோ போதும், இங்கேயும் நடத்தலாம்.

திருச்சியில் எங்கே போவது?

புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையை அணுகலாம். நடக்க முடியாதவர்கள், 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

அதுவரை ஒரு விஷயம்: மாத்திரை எந்தக் கிழமை என்று டாக்டரிடமே சீட்டில் எழுதி வாங்கி, வீட்டு காலண்டரில் வட்டம் போட்டு வைங்க.