சுவரில் எழுதிய பெயர்

பொதுச் சுவர்களில் வண்ணந் தீட்டுவோர் இக்காலத்தில் இருதிறத்தினர். ஒரு சாரார் ஓவியம் வரைவர். மற்றொரு சாரார் தம் பெயரை மட்டும் எழுதிச் செல்வர். நியூயார்க் நகரில் இளைஞர் ஒருவர் தம் செல்லப் பெயரோடு தெருவின் எண்ணையும் சேர்த்து ‘டாக்கி 183’ என எங்கும் எழுதினார். 1971ஆம் ஆண்டில் நாளிதழொன்று அதனைச் செய்தியாக்கவே, இவ்வழக்கம் பலரறிந்ததாயிற்று. ஓவியத்தைக் கலையென்று போற்றிப் பெயரைக் கிறுக்கலென்று ஒதுக்குவாரே பெரும்பாலார். இப்பாகுபாடு முற்றும் பொருந்துமா? இலங்கையிலுள்ள சிகிரியாக் குன்று இதற்குத் தக்க விடை தருகின்றது.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் காசியப மன்னன் (477–495) அக்குன்றின்மேல் அரண்மனை அமைத்தான். பாறையின் பக்கத்தே மகளிர் ஓவியங்கள் தீட்டப்பெற்றன. அவற்றின் கீழே செல்லும் பாதையோரம் மெருகிட்ட சுவர் ஒன்று எழுந்தது. அதனைக் கண்ணாடிச் சுவர் என்பர். மன்னன் மறைந்து பல தலைமுறை கழிந்தபின், ஓவியங்களைக் காண வந்தோர் அச்சுவரில் எழுத்தைக் கீறலாயினர். பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட 685 பாடல்களை ஆராய்ந்து, அறிஞர் சேனரத் பரணவிதான 1956இல் நூலாக வெளியிட்டார்.

எழுதினோருள் துறவியரும் உளர், மகளிரும் உளர். தம் பெயரையும் ஊரையும் கூறிப் பாடினோர் பலர். அக்காலச் சிங்கள மொழியின் சொல்லும் இலக்கணமும் எவ்வாறிருந்தன என்பதை அறிய அக்கீறல்கள் தலையாய சான்றாகும். ஓவியம் தீட்டியோரின் பெயரோ ஒன்றேனும் தெரிந்திலது.

அங்ஙனமாயின் இன்றும் எழுதலாமோ எனின், 2015இல் அதே சுவரில் தம் பெயரைக் கீறிய இளம்பெண் ஒருவர்க்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அந்நாட்டு அதிபர் மன்னிப்பு வழங்கினார். செயல் ஒன்றே, பழையது செல்வம், புதியது குற்றம். இது முரண்போலத் தோன்றினும், பழமை ஒன்றே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அன்று. முன்னோர் பலர் ஓவியத்தைக் கண்டெழுந்த உணர்ச்சியைப் பாட்டாக்கினர். அதற்குச் சுவரும் இடந்தந்தது. இன்றோ புதிய கீறல் பழைய எழுத்தைச் சிதைத்துவிடும். வண்ணமும் இதற்கு விலக்கன்று. 1967இல் அவ்வோவியங்களின்மீதே பச்சை வண்ணம் பூசப்பட்டு, அவற்றைச் சீர்செய்ய வல்லுநர் பெரிதும் உழைக்க நேர்ந்தது.

ஆகவே, பெயரா படமா என்று பார்த்து மதிப்பிடுதல் சாலாது. எழுதியது முன்னிருந்ததனோடு எதனைச் சேர்த்தது, எதனை அழித்தது என்பதே தக்க அளவுகோல். தம் பெயர் நிலைக்க வேண்டுமென்னும் வேட்கை இழிவானதன்று; வகுப்பறை மேசையில் பெயர் கீறும் மாணவனிடத்தும் அதுவே உள்ளது. அவனைக் கடிவதோடு நில்லாது, எழுத ஓர் இடமும் எழுதத்தக்க பொருளும் தருதல் ஆசிரியர் கடனாகும்.